மூச்சு கேட்காத கேசட்

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்து ஊருக்குத் திரும்பியபோது எனக்கு நான்கு வேலைகள் தெரிந்திருந்தன. ரேடியோ பழுது பார்ப்பது, மைக்செட்டுக்கு ஆம்ப்ளிஃபயர் கட்டுவது, மாதா கோயில் பாடற்குழுவில் பழகிய ஆர்மோனியம், கேட்ட மெட்டுக்குச் சொல் கோத்துத் தருவது. முதல் இரண்டுக்கும் சான்றிதழ் இருந்தது. ஓசூரில் நேர்முகத்துக்குப் போன இடத்தில், "நைட் ஷிப்டுக்குப் பொம்பளப் புள்ளைங்க ஆகாதும்மா" என்று சொல்லி, அந்தச் சான்றிதழைப் பிரித்துப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தார்கள். அதனால் நான்கையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு தொழில் ஆக்கினேன். சொந்தமாகக் கேசட் போட ஆசைப்படுகிறவர்களுக்குப் பாட்டு எழுதி, மெட்டமைத்து, பதிவு செய்து, கையில் கொடுப்பது.

அப்படி ஆசைப்படுகிறவர்கள் பாப்பிரெட்டிப்பட்டியைச் சுற்றி இத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் நினைத்திருக்கவில்லை. மாரியம்மன் பண்டிகைக்குத் தன் குரலிலேயே பாட்டு வேண்டும் என்று வந்த ரைஸ்மில் முதலாளி. தவக்காலப் பாடல்களோடு வந்த கன்னியாஸ்திரீகள். சாராயத்துக்கு எதிராக ஆறு பாட்டுப் பாடிவிட்டு நேரே சாராயக் கடைக்குப் போன ஒரு வாத்தியார். சேலத்துக் கேசட் கம்பெனிகள் இவர்களை ஏறெடுத்தும் பார்க்காது. வானொலிக்கு எழுதிப் போட்டால் பதில் வராது. என்னிடம் வருவார்கள். உறையில் தங்கள் போட்டோவைப் பார்த்ததும் விரலால் தடவிப் பார்ப்பார்கள். அதன் பிறகு அந்தக் கேசட்டுகள் அவர்கள் வீட்டுப் பரணில் அட்டைப்பெட்டியோடு கிடக்கும். யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தேதான் ஒவ்வொரு பாட்டையும் எழுதினேன்.

பதிவு அறை என்று எனக்குத் தனியாக எதுவும் இல்லை. அப்பாவுக்கு மல்பெரி தோட்டம். தோட்டத்தை ஒட்டிப் பட்டுப்புழு வளர்க்கும் மனை. தடித்த மண்சுவர், தாழ்ந்த ஓட்டுக் கூரை, சன்னல்களுக்குச் சாக்குப் படுதா. புழு கூடு கட்டுவதற்கான பெரிய வட்ட மூங்கில் தட்டுகளைச் சந்திரிகை என்போம். வேலை இல்லாதபோது அவற்றைச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைப்போம். சுற்றுச் சுற்றாக ஓடும் அந்த மூங்கில் பட்டைகள் எதிரொலியை உறிஞ்சிவிடும். ஒரு ஸ்டூடியோவுக்கு இதைவிட நல்ல அறை தேவையில்லை. ஆனால் புழு இருக்கும்போது அங்கே எதையும் பதிய முடியாது. கடைசிப் பருவத்துப் புழுக்கள் தழை தின்னும் சத்தம் ஓட்டின் மேல் மழை பெய்வதுபோல இருக்கும். கூடுகளை மார்க்கெட்டுக்கு அனுப்பிய பிறகு, அடுத்த முட்டை வருவதற்கு முன், நடுவில் சில நாள்கள் மனை காலியாக இருக்கும். அதிலும் முதலில் எல்லாவற்றையும் கழுவி, பார்மலின் அடித்து, மூடிவைக்க வேண்டும். நோய் வராமல் இருக்க அது கட்டாயம். திறந்ததும் கண் எரியும், தொண்டை கமறும். நெடி போன பிறகு மிஞ்சுகிற நாள்கள்தான் என்னுடையவை.

என் ரெக்கார்டர் பெங்களூரில் ஒரு ஸ்டூடியோ கழித்துப் போட்டது. சாதாரணக் கேசட்டில் நான்கு தடங்களைத் தனித்தனியாகப் பதியும். ஒன்றில் ஆர்மோனியம், ஒன்றில் டோலக், மற்றவற்றில் குரல். அதைப் பற்றி இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று, அதில் எதையும் வெட்டி எடுக்க முடியாது. வேண்டாத ஒரு சத்தத்தை நீக்க வேண்டுமென்றால் அந்த இடத்தில் அதன்மேல் மௌனத்தைப் பதிய வேண்டும். பதிந்துவிட்டால் கீழே இருந்தது போனதுதான். இரண்டு, டேப் ஓடும் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருந்தது.

ஒருநாள் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார், ஓட்டி வரவில்லை. மனை வாசலில் அதைச் சாய்த்துவிட்டு, பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து, கையை மட்டும் உயர்த்தி 'இருங்க' என்று சைகை காட்டினார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கழுத்து நரம்புகள் மூச்சுக்கு மூச்சு எழுந்து அமுங்கின. பேச முடிந்ததும் கேட்டார்.

"இஞ்சினீரம்மா நீங்கதானுங்களா?"

"டிப்ளமாதாங்க."

"ஏதோ ஒண்ணு. கரண்ட்டுத் தெரியுமில்ல? எனக்கு ஒரு கேசட்டுப் போடணுங்க. பாம்பு இல்லாத கேசட்டு."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். பக்கத்துக் கிராமத்தில் மார்கழி மாதம் விடியலில் பஜனை போகும். வாலிபத்திலிருந்து அதில் முன்பாட்டு அவர்தான். போன மார்கழியில் அவர் மைக்கில் பாட, அடிக்கு அடி நெஞ்சு இழுக்கும் சத்தம் தெருவெல்லாம் கேட்டிருக்கிறது. கூட்டத்தில் ஒருவன், "மைக்குல பாம்பு பூந்துக்கிச்சு டோய், அடிங்கடா!" என்று கத்தினானாம். எல்லாரும் சிரித்தார்கள்.

"நானுந்தான் சிரிச்சேன். நல்லாத்தான சொன்னான்? மறுநா மைக்கு வேற ஆளு கைக்குப் போயிடுச்சுங்க."

பதினைந்து வருடமாக அவருக்குக் கல் குவாரியில் வேலை. கம்ப்ரஸர் மெஷினைப் பிடித்துப் பாறையில் துளை போடுவார். முதலில் காசநோய் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பிறகு சேலத்தில் ஒரு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, கல் தூசி நுரையீரலில் படிந்துவிட்டது, இதற்கு மாத்திரை கிடையாது என்று சொல்லிவிட்டார்.

"நான் கல்லுக்குள்ள துளை போட்டேன், அது எனக்குள்ள போட்டுடுச்சு. அவ்வளவுதாங்க" என்றார். அதற்குள் மீண்டும் இழுப்பு வந்துவிட்டது.

அவர் கேட்டது இதுதான். ஒரு கேசட். அதில் அவர் பெயர். அவர் பாட வேண்டும். மூச்சு வாங்குவது ஒரு இடத்தில்கூடக் கேட்கக் கூடாது. அதைக் காலையில் வரும் அரூர் பஸ்ஸில் போட வேண்டும். குவாரிக்குப் போன வருடமெல்லாம் அந்த பஸ்ஸின் பாட்டைக் கேட்டுக்கொண்டுதான் போயிருக்கிறார். டிரைவரிடம் பேசியாகிவிட்டது. "குடுங்க, ஓட்டிப் பாக்கலாம். சனம் பாதி வழில எறங்கலீன்னா பாட்டு நல்லாருக்குன்னு அர்த்தம்" என்று டிரைவர் சொன்னாராம்.

ஒரு பாட்டுப் பாடச் சொன்னேன். குரல் நன்றாக இருந்தது. அதுதான் எனக்குக் கஷ்டம். மோசமாக இருந்திருந்தால் ஏதாவது சொல்லி அனுப்பியிருப்பேன். ஒரு அடி பாடுவார். கடைசிச் சொல்லில் சுருதி இறங்கும். பிறகு நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சீறல், அதன் முடிவில் மெல்லிய ஒரு விசில். அடுத்த அடி ஒரு தட்டுப் பிந்தி வரும். ஹெட்போனில் கேட்டபோது பாட்டைவிடச் சீறல்தான் பெரிதாக இருந்தது.

தோட்டத்திலிருந்து வந்த அப்பா வெளியே நின்று கேட்டுவிட்டு, அவர் போன பிறகு சொன்னார். "ஏம் பாப்பா, அந்தாளு பாட வந்தானா, சாவ வந்தானா?"

"ரெண்டுக்கும் நடுவுலப்பா."

எந்த வேலையையும் சிறு சிறு வேலைகளாகப் பிரித்துக்கொண்டால் அது அடங்கிவிடும் என்பது நான் படித்த படிப்பு. இதையும் பிரித்தேன். முதலில் சொற்கள். ஒரு துண்டுக் காகிதத்தை வாய்க்கு முன் தொங்கவிட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாகச் சொல்லிப் பார்த்தேன். 'ச' என்றால் காகிதம் பறந்தது. 'ம', 'ன', 'ல' என்றால் அசையவே இல்லை. வாயை மூடி முடிகிற 'ம்' மூச்சை மிச்சப்படுத்தியது. அடுத்த முறை அவர் வந்தபோது, மூச்சைத் தின்னும் எழுத்துகள் பாட்டில் வேண்டாம் என்றும், முக்கியமாக 'ச' வேண்டாம் என்றும் விளக்கினேன்.

அவர் யோசித்தார். "அப்ப சாமி கெடையாது. சோறு கெடையாது. சம்சாரம் கெடையாது. வேற என்னத்த இஞ்சினீரம்மா பாடறது?"

"மலை இருக்குதுங்க. மழை, மரம், மனம், வானம். வண்டி."

"வண்டி இருக்குதில்ல? போதும்."

அவருக்காக நான் முதலில் எழுதி வைத்திருந்த நீண்ட அடிகளை எல்லாம் தூக்கிப் போட்டேன். குட்டை அடிகள், ஒவ்வொன்றின் முடிவிலும் 'ம்'.

ஊர்மேலே வெயில் ஆறும்
ஓடை நீர் நிறம் மாறும்
நேரம் போய் வண்டி வரும்
நின்றாலும் மனம் ஓடும்

இதைப் பெரிய பாட்டு என்று சொல்ல மாட்டேன். ஒரு மனிதனின் மூச்சு எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம் வெட்டிய துணி அது.

இரண்டாவது, வேகம். அவர் பாடும் சுருதிக் கட்டைக்கு ஒரு கட்டை கீழே ஆர்மோனியத்தை வாசித்துப் பதிந்தேன். பிறகு திருகைத் திருப்பி டேப்பை வேகமாக ஓடவிட்டேன். ஆர்மோனியம் அவர் கட்டைக்கு ஏறி வரும், தாளமும் விரையும். அதோடு சேர்ந்து அவர் வேகமாகப் பாடினால் அடி சீக்கிரம் முடியும், மூச்சு எட்டும். பிறகு திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து ஓட்டினால் அடி நீண்டுவிடும். குரல் தணிந்து, கனத்து, அவசரமே இல்லாமல் வரும். மூன்றாவது, ரெக்கார்டரைப் பதிவுக்கு மாற்றும் கால் மிதி. அடி முடிந்த கணத்தில் மிதித்து, அவர் மூச்சு வாங்கும் இடத்தில் மௌனத்தைப் பதிவது.

முதல் தடவை மனை காலியானபோது அவரால் ஒரு மூச்சில் ஒரு அடி பாட முடிந்தது. பாடுவார், கையை உயர்த்துவார், நான் டேப்பை நிறுத்துவேன். அவர் சந்திரிகை ஒன்றில் முதுகைச் சாய்த்து இழுப்பு அடங்கும்வரை உட்கார்ந்திருப்பார். அது அடங்கியதும், "ம், வுடுங்க" என்பார். இரண்டு பாட்டுக்கு மேல் முடியவில்லை. அதற்குள் முட்டை வந்துவிட்டது. தழை முற்றினால் புழுவுக்கு ஆகாது, அப்பாவால் காத்திருக்க முடியாது.

அடுத்த வளர்ப்பு முடிந்து அவர் திரும்பி வந்தபோது பாதி அடிதான் முடிந்தது. மனையைத் திறந்து இரண்டு நாள் ஆகியும் பார்மலின் நெடி மிச்சமிருந்தது. எங்களுக்குத் தெரியாத அளவுதான், அவருக்குத் தெரிந்தது. ஒரு அடியைத் தொடங்குவார், நடுவில் இருமல் வந்து மடங்கிவிடுவார். நான் அடியை இரண்டாகப் பிரித்தேன். "ஊர்மேலே" ஒரு தடவை, "வெயில் ஆறும்" ஒரு தடவை. ஒட்டு தெரியாமல் சேர்ப்பது என் வேலை, அதை நன்றாகச் செய்தேன். அன்று போகும்போது சைக்கிளை எங்கள் தோட்டத்திலேயே விட்டுவிட்டுப் போனார்.

"அப்புறம் வந்து எடுத்துக்கறேங்க. இல்லீன்னா நீங்களே பாட்டு வாத்தியமா வெச்சுக்கங்க, பெல்லு நல்லாருக்கும்."

அதன் பிறகு அவர் வரவில்லை. அடுத்த பதிவு நாளைச் சொல்ல நான் அவர் வீட்டுக்குப் போனேன். கிராமத்தின் கடைசித் தெரு. வாசலில் அவர் மனைவி புளி தட்டிக்கொண்டிருந்தார். சிறு சுத்தியலால் ஒவ்வொரு பழமாக அடித்துக் கொட்டையைத் தெறிக்க விடுவார். அடிக்கு நடுவில் தலையை லேசாகச் சாய்த்து உள்ளே காது கொடுப்பார். உள்ளிருந்து அந்த இழுப்பு கேட்டுக்கொண்டிருந்தது. அவர் கணவர் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"நீதானா கண்ணு அந்த டேப்புக்காரப் பாப்பா? உன்னப் பத்திதான் எந்நேரமும் பேச்சு. என்னத்தப் பாடறாருன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு. பஸ்ல வரும், அப்ப கேளுன்றாரு."

"வூட்டுல பாடிக் காட்டலீங்களா?"

"எங்க? இந்த இழுப்புதான் பாட்டு. ஊருல எல்லாம் எப்படித்தான் தூங்கறியோம்பாங்க. எனக்கு இது கேட்டாத்தான் கண்ணு தூக்கம். நின்னா முழிச்சுக்கறேன்."

சொல்லிவிட்டு அடுத்த பழத்தை எடுத்து வைத்து அடித்தார்.

அன்று மாலை அப்பாவிடம் நிலைமையைச் சொன்னேன். ஒரே ஒரு பாட்டு பாக்கி. பார்மலின் அடித்த மனைக்குள் அந்த மனிதரால் இனி உட்காரவே முடியாது. நெடி முழுதும் போகக் காத்திருந்தால் முட்டை வந்துவிடும். வேறு அறை எதிலும் லாரி சத்தமோ கோழிச் சத்தமோ இல்லாமல் இருக்காது. அப்பா பீடியை அணைத்தார்.

"இந்த ஒரு தடவ மருந்து வேணாம். சுண்ணாம்புத் தண்ணி மட்டும் அடிச்சு வுட்டுடலாம். கழுவி நல்லாக் காய வுட்டா ஒண்ணும் ஆவாது."

"ஆச்சுன்னா?"

"ஆனா ஆவட்டும் பாப்பா. புழு இன்னொரு தடவ வரும்."

நான் தடுக்கவில்லை. அவர் தோட்டம், அவர் மனை, அவர் முடிவு. பூச்சி வளர்க்கிற யாரைக் கேட்டாலும் செய்யாதே என்றுதான் சொல்லியிருப்பார்கள். அப்பாவுக்கும் அது தெரியும்.

மாட்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி அதில் அவரைச் சாய்த்து வைத்துக் கொண்டுவந்தோம். மனைக்குள் வந்ததும் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "என்னாங்க, இன்னிக்கு ஆஸ்பத்திரி வாசனையே இல்ல? பொங்கலுக்கு வெள்ளையடிச்ச வூடாட்டம் இருக்குது" என்றார். அப்பா வெளியே சந்திரிகைக்கு நூல் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டார்.

கடைசிப் பாட்டை அன்று சொல் சொல்லாகப் பதிந்தோம். ஒரு சொல், பிறகு கை உயரும். சில சொற்களுக்கு இரண்டு தடவை. 'வானம்' என்ற சொல்லின் 'வா' ஒரு மூச்சிலும் 'னம்' இன்னொரு மூச்சிலுமாக வந்தது. ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் நான் மிதியை அழுத்தினேன், மீட்டரில் முள் பூஜ்யத்துக்கு இறங்கியது. மதியத்துக்கு மேல் பம்புசெட்டுகளுக்கு மும்முனை மின்சாரம் விடுவார்கள், வோல்டேஜ் விழுந்துவிடும். அதற்குள் முடித்துவிட்டோம். கடைசிச் சொல்லைப் பாடிவிட்டு அவர் கேட்டார். "பாம்பு ஏதாச்சும் மிச்சம் இருக்குதுங்களா?"

"ஒண்ணு கூட இல்லீங்க."

அது உண்மை. எல்லாத் துண்டுகளையும் சேர்த்து ஒரே தடத்துக்கு மாற்றினேன். மாற்றினால் துண்டுகள் இருந்த தடங்களில் டோலக்கையும் இரண்டாவது ஆர்மோனியத்தையும் பதிய இடம் கிடைக்கும். எல்லாப் பாட்டுக்கும் அப்படித்தான் செய்வேன். நான்கு தடம் உள்ள கருவியில் வேறு வழி கிடையாது.

முடிந்த கேசட்டையும் ரெக்கார்டரையும் அவர் வீட்டுக்கே எடுத்துப்போனேன். அவர் மனைவி தண்ணீருக்குப் போயிருந்த நேரம். ஹெட்போனை அவர் காதில் மாட்டி, திருகு பழைய இடத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு ஓட்டினேன். அவர் கண்ணை மூடவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அவர் நெஞ்சு அதன் போக்கில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முதல் பாட்டு முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றினார்.

"யாருங்க இந்த ஆளு?"

நான் டேப்பை நிறுத்தினேன்.

"பீடி கீடி குடிக்காத ஆளாட்டம் பாடறாரு." வாய் விட்டுச் சிரித்தார், அது இருமலில் முடிந்தது. "இந்த ஆள எனக்குத் தெரியும். குவாரிக்குப் போவறதுக்கு முன்னாடி பாத்தது. இன்னும் உசிரோடதான் இருக்கான் போல."

மிச்சத்தையும் கேட்டார். கேட்டு முடித்ததும் கேசட்டை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"இத எங்கூட்டுக்காரிகிட்டக் குடுக்காதீங்க. அவ பஸ்ல கேக்கட்டும். வூட்டுல போட்டா நான் பக்கத்துல இழுத்துக்கிட்டுக் கெடப்பேன். ரெண்டும் கலந்துடும். அவளுக்கு அந்த ஆளு மட்டும் கேக்கணும்."

உறை அச்சாகி வருவதற்குள் அவர் போய்விட்டார். சாவுக்குப் போயிருந்தேன். குவாரிக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிலும் பலருக்கு அதே இழுப்பு இருந்தது. பறை நின்ற இடைவெளிகளில் அது கேட்டது.

அந்த வளர்ப்பின் புழுக்கள் நான்காம் தோலுரிப்புக்குப் பிறகு மஞ்சள் பூத்து வீங்கின. தொட்டால் பால் மாதிரி கசிந்தது. அப்பாவும் நானும் தட்டுத் தட்டாகக் கொண்டுபோய்க் குழியில் கொட்டி மண் போட்டோம். தழை தின்னும் சத்தம் இல்லாமல் மனை முழுக்க அமைதியாக இருந்தது. பதிவுக்கு ஏற்ற அமைதி. அப்பா ஒரு கேள்விதான் கேட்டார். "பாட்டு நல்லா வந்துச்சா?" வந்தது என்றேன். அவர் மண்வெட்டியைக் கழுவப் போனார்.

உறை வந்தது. பாடியவர் கேட்டபடி அவர் பெயர் போட்டிருந்தது. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அவர் மனைவி விதவைப் பென்ஷன் விஷயமாக அரூர் தாலுக்கா ஆபீசுக்குப் போக வேண்டியிருந்தது. நானும் வருகிறேன் என்றேன். முந்தின நாளே கேசட்டை டிரைவரிடம் கொடுத்துவிட்டிருந்தேன். காலை பஸ். டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்தோம், மேலே ஸ்பீக்கர். வண்டி நகர்ந்ததும் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கேசட்டைத் தள்ளினார்.

ஆர்மோனியம் வந்தது. குரல் வந்தது. என்ஜின் சத்தத்தையும் மீறித் தெளிவாக, நிதானமாக, ஒரு அடியிலிருந்து இன்னொரு அடிக்குக் களைப்பே இல்லாமல் போனது. ஒட்டு எங்கேயும் தெரியவில்லை. ஒரு பையிலிருந்து காய்கறியை இன்னொரு பைக்கு மாற்றிக்கொண்டிருந்த பெண் தலையாட்டிக்கொண்டே மாற்றினார். முன்னால் ஒருவர் கம்பியில் தாளம் போட்டார். நான் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மடியில் மனுவை மடித்து வைத்திருந்த மஞ்சள் பை, அதன்மேல் புளிக்கறை படிந்த விரல்கள். அவை மட்டும் என் கண்ணில் பட்டன. இரண்டு பாட்டு முடிந்து மூன்றாவது தொடங்கியது. கடைசியாக, சொல் சொல்லாகப் பதிந்த பாட்டை மூன்றாவதாக வைத்திருந்தேன்.

அவர் என் தோளைத் தொட்டார்.

"இந்த ஆளும் நல்லாத்தான் பாடறாரு கண்ணு. எங்கூட்டுக்காரரு பாட்டு எப்ப வரும்?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லத் தோன்றவில்லை. அடுத்து வரும் என்று சொல்லலாம், ஆனால் அடுத்து வருவதும் இதே குரல்தான்.

"இதுதாங்க அவரு. மொதல்லருந்தே அவருதான்."

அவர் ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தார். புளி தட்டும்போது உள்ளே காது கொடுப்பாரே, அதேபோலத் தலையைச் சாய்த்தார். அடி முடிகிற இடங்களில் எல்லாம் அவர் முகம் கொஞ்சம் முன்னால் வந்தது. அங்கே எதுவும் இல்லாமல் அடுத்த அடி வந்ததும் பின்வாங்கியது. பாட்டு முழுக்க இப்படியே. வேறு வேலையாக இருந்தால் எங்கே பிழை என்று தேடியிருப்பேன். ஒயரைப் பார்ப்பேன், மைக்கைப் பார்ப்பேன், ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பேன். இதில் பிழையே இல்லை. பாடியவர் கேட்டதை அவர் கேட்டபடி செய்து கொடுத்திருக்கிறேன். தேடுவதற்கு ஒரு இடமும் இல்லை.

"அப்படீங்களா" என்றார் கடைசியில். புதிதாக ஒருவரை அறிமுகப்படுத்தினால் சொல்வது மாதிரி, மரியாதையாக.

அரூரில் இறங்கும்போது டிரைவர் சன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினார். "பாத்தீங்களா? பாதி வழில ஒருத்தரும் எறங்கல! திரும்பி வரும்போதும் இதையே போடறேன்!"

நான் கையசைத்தேன். அவர் மனைவி சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு வெயிலில் நின்றிருந்தார். தாலுக்கா ஆபீஸ் எந்தப் பக்கம் என்று சொல்லத் திரும்பியபோது அவர் கேட்டார்.

"நடுவுல மூச்சு வாங்குவாரே கண்ணு. அத எடுத்துட்டன்னு சொல்லுவாரு. எடுத்து எங்கியாச்சும் வெச்சிருப்பியில்ல? அது இருந்தா எனக்குக் குடு. பாட்டு வேணாம்."

"எடுத்து வைக்க முடியாதுங்க" என்றேன். "அதும்மேலதான் பாட்டப் பதியணும்."

அவர் தலையசைத்தார். மிஷின் விஷயம் நமக்கு எங்கே புரியப்போகிறது என்கிற மாதிரி. பிறகு மஞ்சள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆபீஸ் எந்தப் பக்கம் என்று கேட்டார். நான் காட்டிய பக்கம் இருவரும் நடந்தோம்.